எட்டரை அடித் தெப்பம்

ஒரு வழிப்போக்கன் பெரிய ஆற்றங்கரைக்கு வந்து நிற்கிறான். இக்கரையில் ஆபத்து, அக்கரையில் பாதுகாப்பு. பாலம் இல்லை, ஓடக்காரனும் இல்லை. புல், சுள்ளி, கிளை, இலை எல்லாவற்றையும் திரட்டிக் கட்டித் தெப்பமாக்கி, கையாலும் காலாலும் தண்ணீரைத் தள்ளி மறுகரை ஏறிவிடுகிறான். ஏறியதும் அவனுக்கு ஒரு யோசனை. இவ்வளவு உதவிய தெப்பத்தை எப்படி விட்டுப்போவது? தலையில் தூக்கிவைத்துக்கொண்டு நடந்தால் என்ன? மஜ்ஜிம நிகாயத்தின் 22ஆம் சூத்திரத்தில் புத்தர் இந்தக் கதையைச் சொல்லி, அவன் அப்படிச் செய்வது முறைதானா என்று பிக்குகளைக் கேட்கிறார். முறையல்ல என்கிறார்கள் அவர்கள். புத்தர் சொல்லவந்தது தம் போதனையைப் பற்றி; கரை சேர்ந்தவன் அதையும் இறக்கிவைத்துவிட வேண்டும் என்பது அவர் கருத்து.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், அனகார்ட்டெஸ் என்றொரு துறைமுக ஊர் இருக்கிறது. சான் ஹுவான் தீவுகளுக்குப் போகும் பெரிய படகுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. கோடையில் அந்த ஊர்ச் சாலைகளில் தெப்பம் சுமந்து வருபவர்களை நிறையவே பார்க்கலாம். தலைக்குப் பதில் வண்டியின் கொக்கி. பிக்அப் டிரக்குக்குப் பின்னால் ட்ரெய்லர், ட்ரெய்லரின்மேல் இருபத்திரண்டு முதல் இருபத்தெட்டு அடி வரை நீளமுள்ள மோட்டார் படகு. அவற்றில் சில, அடியில் ஒற்றை உடலுக்குப் பதில் இரண்டு உடல்கள் கொண்டவை. உள்ளே ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு சிறு கழிப்பறை. ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் அரிசோனாவின் வெயிலிலிருந்து மூன்று நாள் ஓட்டி வந்து, சரிவில் படகை இறக்கி, ஆறு வாரம் தீவுகளுக்கிடையே கழித்துவிட்டு, மறுபடி ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவது அங்கே சாதாரணக் காட்சி.

புத்தரின் கேள்வியை இவர்களிடம் கேட்டால் உடனே பதில் வரும்: ஆறு ஒன்றல்லவே. ஜூலையில் சான் ஹுவான், அக்டோபரில் யூட்டாவின் பவல் ஏரி, ஜனவரியில் ஃபுளோரிடாவின் கீ தீவுகள். ஒரு கரையில் தெப்பத்தை விட்டுவிட்டால் அடுத்த நீருக்கு எங்கே போவது? காற்றை எதிர்த்துப் பாய்மரப் படகால் நேராகப் போகவே முடியாது, ஆனால் நெடுஞ்சாலையில் அதே படகு மணிக்கு அறுபது மைல் வேகத்தில் காற்றுக்கு எதிரே போகும் என்று ட்ரெய்லர் படகுக்காரர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. துறைமுகத்தில் ஆண்டு முழுவதும் இடவாடகை கட்ட வேண்டியதில்லை. அடிப்பக்கத்தில் சிப்பி ஒட்டுவதில்லை. குளிர்காலத்தில் படகு வீட்டு முற்றத்தில் நிற்கும்.

நியாயமான பதில்தான். ஆனால் அது கேள்வியை முடித்துவைப்பதில்லை, வேறொரு கேள்வியாக மாற்றிவிடுகிறது. சுமந்துதான் ஆக வேண்டும் என்றால், எவ்வளவு கனமான தெப்பத்தைச் சுமக்கலாம்? சுமப்பவன் எந்த இடத்தில் தெப்பத்தின் வேலைக்காரன் ஆகிவிடுகிறான்? ட்ரெய்லரில் போகும் இரட்டை உடல் மோட்டார் படகைத் தேர்ந்தெடுப்பது என்பது, மேலோட்டமாகப் பார்த்தால், எஞ்சின் திறனையும் விலையையும் ஒப்பிடும் வேலை. கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், எது போதும் என்ற பழைய கேள்விதான் அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதுவும் விசித்திரமான வடிவத்தில். ஏனென்றால் இந்த ஒரு வகைப் படகில், போதும் என்பதற்கு ஓர் எண் உண்டு.

அந்த எண் 102 அங்குலம். 1982இல் அமெரிக்கா இயற்றிய சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஒன்று, தேசிய நெடுஞ்சாலைகளில் போகும் சரக்கு வண்டிகளின் அகலத்தை 96 அங்குலத்திலிருந்து அந்த அளவுக்கு உயர்த்தியது. 8 அடி 6 அங்குலம், அதாவது 2.59 மீட்டர். பெரும்பாலான மாநிலங்கள் படகு ட்ரெய்லருக்கும் இதையே எல்லையாக வைத்திருக்கின்றன. அதற்கு மேல் ஒரு கை அகலம் கூடினாலும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பல மாநிலங்களில் இரவில் ஓட்ட முடியாது, சிவப்புக் கொடி கட்ட வேண்டும், சில பண்டிகை நாட்களில் சாலைக்கே வரக்கூடாது. நினைத்தபோது கிளம்பும் சுதந்திரம்தான் ட்ரெய்லர் படகின் உயிர் என்பதால், அந்த எட்டரை அடி நடைமுறையில் சுவர் மாதிரி.

இரட்டை உடல் படகுக்கு இது கொடுமையான சுவர். அகலம்தான் அதன் பலம். ஒரு படகை அலை பக்கவாட்டில் சாய்க்கும்போது அதை நிமிர்த்துவது, நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி அது தண்ணீரில் ஊன்றி நிற்கிறது என்பது. இரண்டு ஒல்லியான உடல்களை விலக்கிவைத்தால், நிமிர்த்தும் வலு அந்த இடைவெளியின் வர்க்கத்தையொட்டி உயர்கிறது. இடைவெளி இரண்டு மடங்கானால் வலு ஏறக்குறைய நான்கு மடங்கு. அதனால் சாலையைப் பற்றிக் கவலைப்படாமல் இருபத்தைந்து அடி நீளத்துக்கு இரட்டைப் படகு வரையச் சொன்னால், வடிவமைப்பாளர் பன்னிரண்டு அடி அகலம் வரைவதற்குத் தயங்க மாட்டார். ட்ரெய்லர் என்ற ஒரு சொல் வந்ததும் அதில் மூன்றரை அடி வெட்டுப்படுகிறது. கடலுக்காகச் செய்த பொருளின் உருவத்தை, கடலையே பார்த்திராத ஒரு தார்ச்சாலை தீர்மானிக்கிறது.

இந்தப் படகின் ஆங்கிலப் பெயரைக் கேட்கும் தமிழ் வாசகருக்கு ஒரு சிறு திடுக்கிடல் ஏற்படும். கேட்டமரன் என்பது நம் கட்டுமரம்தான். வில்லியம் டேம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697இல் வெளியான தம் பயண நூலில், சோழமண்டலக் கரையில் இந்தப் பெயரில் ஒரு மிதவை இருப்பதாக எழுதினார். அவர் கண்டது ஒரு மரம், சில சமயம் இரண்டு மரம். நம் கரையின் கட்டுமரத்துக்கு இரண்டு உடல் கிடையாது. மரங்களை நெருக்கி வைத்துக் கயிற்றால் கட்டிய ஒரே மிதவை அது. இரண்டு உடலை விலக்கிக் குறுக்குக் கட்டைகளால் இணைக்கும் கலை பசிபிக் தீவு மக்களுடையது. 1876இல் நத்தானியேல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் அமரில்லிஸ் என்ற இரட்டை உடல் பாய்மரப் படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி எல்லோரையும் முந்தினார். அந்தப் படகை இனிப் பந்தயத்தில் சேர்ப்பதில்லை என்று முடிவானது. அந்தக் காலத்தில் தமிழ்ப் பெயர் பாலினீசிய உருவத்தின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. பெயர் நம்முடையது, உடல் அவர்களுடையது. ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு வினை உண்டு: கட்டுதல். கட்டியதை அவிழ்க்கவும் முடியும் என்பது அதன் மறுபக்கம். நம் மீனவர்கள் கடலிலிருந்து திரும்பியதும் மரங்களை அவிழ்த்து மணலில் உலரப்போட்டார்கள். ஊறிய மரம் கனக்கும், மறுநாள் அது மிதப்பதற்கு உலர வேண்டும்.

அந்த உலர்த்தலில் இருக்கும் அறிவு, இன்றைய ஃபைபர் படகுக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஒல்லியான உடல் தண்ணீரைப் பிளந்து போகும். அகன்ற உடல் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். சாதாரண இருபத்தைந்து அடிப் படகு மிதந்தபடியே போனால் ஏழு நாட் வேகத்தைத் தொடும்போது தானே எழுப்பிய அலையில் சிக்கிக்கொள்கிறது. அதைத் தாண்ட வேண்டுமானால் பெரிய எஞ்சின் வைத்து, படகையே தண்ணீர்மேல் தூக்கிச் சறுக்கவிட வேண்டும். நீளத்தில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான அகலம் கொண்ட உடல்கள் அந்த அலைச்சுவரை அலட்டிக்கொள்ளாமல் கடந்துவிடுகின்றன. சிறிய எஞ்சின் போதும், கொஞ்சம் எரிபொருள் போதும். நியூசிலாந்தின் மால்கம் டெனன்ட் பல பத்தாண்டுகள் இதைத்தான் வரைந்து காட்டினார்.

ஆனால் ஒல்லிக்கு ஒரு விலை உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்ணீர் மட்டத்தில் ஏழு மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் கொண்ட இரண்டு உடல்களை எடுத்துக்கொள்வோம். முனைகள் கூராக இருப்பதால் முக்கால் பங்கைக் கணக்கில் வைத்தால், படகு தண்ணீரில் பதிந்திருக்கும் பரப்பு ஐந்தேகால் சதுர மீட்டர். உப்புநீரில் ஒவ்வொரு 54 கிலோவுக்கும் படகு ஒரு சென்டிமீட்டர் அமிழும். அதே நீளத்தில், 2.2 மீட்டர் அகலமுள்ள ஒற்றை உடல் படகு ஒரு சென்டிமீட்டர் அமிழ 118 கிலோ வேண்டும். ஐந்நூறு கிலோ ஏற்றினால் ஒற்றைப் படகு நான்கு சென்டிமீட்டர் இறங்கும், இரட்டைப் படகு ஒன்பது.

ஒன்பது சென்டிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். இரண்டு உடல்களையும் இணைக்கும் தளத்துக்கும் தண்ணீருக்கும் இடையே உள்ள வெற்றிடம்தான் இந்தப் படகின் மூச்சு. சிறிய படகில் அது ஒன்றரை அடி இருந்தால் நல்லது. அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டால், சான் ஹுவான் தீவுகளை ஒட்டி, காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக மோதும் ஜார்ஜியா நீரிணையில், குட்டையான செங்குத்து அலைகள் தளத்தின் அடிவயிற்றில் அறைய ஆரம்பிக்கும். பாத்திரம் உருளும், பல் கிட்டிக்கும், பேச முடியாது. முந்தின ஆண்டு சுகமாகப் போன அதே படகு, அதே நீர். இடையில் நடந்தது ஒன்றுதான்: சாமான் சேர்ந்தது.

சேரத்தான் செய்யும். நானூறு லிட்டர் பெட்ரோல் முந்நூறு கிலோ. இருநூறு லிட்டர் குடிநீர் இருநூறு கிலோ. இவை தவிர்க்க முடியாதவை. அதன்பின் இரண்டாவது பேட்டரி, சூரியத்தகடு, உறைபெட்டி, ஜெனரேட்டர், மின்விசையில் இயங்கும் நங்கூர உருளை, சிறு ரப்பர் படகு, அதற்கொரு எஞ்சின், இரண்டு சைக்கிள், நண்டுக் கூண்டு, விருந்தினருக்கு மடக்குக் கட்டில். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமானது. எதையும் ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. இரட்டை உடல் படகுக்கு விசாலமான தளம் இருப்பதால் வைக்க இடமும் இருக்கிறது. இடம் இருக்கிறது, மிதப்பு இல்லை. பொருள் சேர்ப்பது தவறு என்று எந்த ஞானியும் சொல்லத் தேவையில்லாமல், படகே தாழ்ந்து காட்டிவிடுகிறது.

இந்த இடத்தில் சமணம் நினைவுக்கு வருவது இயல்பு. பற்றின்மை என்றதும் எல்லாவற்றையும் துறந்த முனிவரின் உருவம்தான் நம் மனத்தில் எழும். ஆனால் சமணம் இல்லறத்தாருக்கென்று வகுத்த வழி வேறு, நுணுக்கமானது. துறவி எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். இல்லறத்தாரோ வைத்துக்கொள்ளலாம், ஆனால் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே அளவு வரைந்துகொள்ள வேண்டும். பரிக்கிரக பரிமாணம் என்று அதற்குப் பெயர். இவ்வளவு நிலம், இவ்வளவு பொன், இவ்வளவு கால்நடை. அளவு பெரிதா சிறிதா என்பது அவரவர் நிலையைப் பொறுத்தது. ஆசை எழுவதற்கு முன் அளவு இருக்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர்நாடி. கடைக்குள் நுழைந்தபின் எவ்வளவு போதும் என்று யோசிப்பவனுக்கும், வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு நுழைபவனுக்கும் உள்ள வேறுபாடு அது. இருபதாம் நூற்றாண்டில் ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர், மிகச் சிறந்ததைத் தேடித் தவிக்காமல் போதுமான அளவை முன்னரே வகுத்து, அதைத் தொட்ட முதல் தேர்வோடு நின்றுவிடுவதே மனித அறிவுக்கு இசைந்த முறை என்று காட்டினார். 1978இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. அவர் பேசியது முடிவெடுக்கும் முறையைப் பற்றி, சமண நூல்கள் பேசுவது உயிரின் தூய்மையைப் பற்றி. இரண்டிலும் எண்தான் முதலில் வருகிறது.

சமந்தபத்திரரின் ரத்னகரண்ட சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இன்னும் இரண்டு விரதங்களைப் பேசுகின்றன. படகு வாங்கப்போகும் யாரும் அவற்றை ஒரு முறை யோசித்துப் பார்க்கலாம்.

ஒன்று திக்குவிரதம். நான்கு திசை, நான்கு கோணம், மேல், கீழ் ஆகிய பத்துத் திக்குகளிலும் தான் எதுவரை போவது என்று இல்லறத்தார் எல்லை வகுத்துக்கொள்வது. இந்த ஆறு, இந்த மலை, இந்தக் கடல், இத்தனை யோசனைத் தொலைவு என்று எல்லோருக்கும் தெரிந்த அடையாளங்களால் எல்லை போட வேண்டும். முதலில் கேட்கும்போது இது சிறைபோலத் தோன்றும். உலகைப் பார்க்காதே என்று யாராவது விரதம் வகுப்பார்களா? காரணத்தைக் கேட்டால் பார்வை மாறும். எல்லைக்கு அப்பால் அவர் போவதில்லை என்பதால், அங்கே அவரால் எந்த உயிருக்கும் தீங்கில்லை. அந்த வெளியைப் பொறுத்தவரை அவர் முழுத் துறவிக்குச் சமம். எல்லை அவரைக் கட்டுவதைவிட, எல்லைக்கு வெளியே உள்ள உலகை அவரிடமிருந்து விடுவிக்கிறது என்று சொல்லலாம்.

இன்னொன்று போக உபபோகங்களுக்கு அளவு வைப்பது. உண்டதும் தீர்ந்துபோவது போகம்: சோறு, பூ, சந்தனம். மறுபடி மறுபடி பயன்படுவது உபபோகம்: உடை, படுக்கை, அணிகலன். பழைய நூல்கள் செய்த இந்தப் பிரிவினை, படகுச் சுமையைப் பற்றிய மிகக் கூர்மையான பிரிவினையாகவும் இருக்கிறது. அரிசியும் தண்ணீரும் பெட்ரோலும் நாளுக்கு நாள் குறையும், படகு எழும்பும். ஜெனரேட்டர் குறைவதே இல்லை. ஆறாவது வாரத்திலும் முதல் நாள் எடைதான். பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் அது ஒவ்வொரு அலையிலும் உடன் வருகிறது. படகை அமிழ்த்துவது பெரும்பாலும் தீனி அல்ல, தீராத பொருட்கள்.

சரி, அப்படியானால் எதை வாங்குவது?

சந்தையில் இருக்கும் எட்டரை அடிப் படகுகளை இரண்டு குணமாகப் பிரித்துவிடலாம். ஒன்று வேகத்தின் பக்கம் நிற்பது. வாஷிங்டன் மாநிலத்து சி-டோரி நிறுவனத்தின் டாம்கேட் 255 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இருபத்தைந்தரை அடி நீளம், சட்டம் அனுமதிக்கும் முழு அகலம், பின்னால் இரண்டு அவுட்போர்டு எஞ்சின்கள். உடல்கள் அவ்வளவு ஒல்லியானவை அல்ல; தண்ணீர்மேல் எழுந்து சறுக்கிப் போகும்படி வடித்தவை. முன்பக்கத் தளத்தின்மேல் குறுக்காக அகலப் படுக்கை. வானிலை நன்றாக இருக்கும் நான்கு மணி நேரத்துக்குள் ஒரு நீரிணையைக் கடந்து அடுத்த குடாவுக்குள் ஒதுங்கிவிட முடியும். வேகமே அதன் பாதுகாப்பு. அதற்கு எரிபொருள் வேண்டும், எரிபொருள் எடை, எடைக்கு எஞ்சின்.

மற்றது மெதுவின் பக்கம் நிற்பது. ரிச்சர்ட் வுட்ஸ் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளரின் ஸ்கூட்டா வரிசை அப்படி. ஒல்லி உடல், சிறு எஞ்சின், ஒட்டுப்பலகையில் வீட்டுக்கொல்லையில் கட்டிக்கொள்ளத்தக்க எளிமை. அதில் இருபத்தெட்டு அடிப் படகைக் கழற்றிச் சாலையில் கொண்டுபோய், நீர்க்கரையில் மறுபடி பூட்டிக்கொள்ளலாம். சாலையில் சாலைக்குரிய அகலம், தண்ணீரில் தண்ணீருக்குரிய அகலம். அந்த யோசனைக்குப் பின்னால் ஒரு மூத்த முன்னோடி உண்டு. 1950களில் ஜேம்ஸ் வாரம் என்ற ஆங்கிலேயர் இருபத்துமூன்றரை அடி இரட்டை உடல் பாய்மரப் படகைத் தம் கையால் கட்டி, இரண்டு ஜெர்மானியப் பெண்களோடு அட்லாண்டிக்கைக் கடந்தார். பின்னாளில் அவர் வரைந்த படகுகளில் உடலையும் குறுக்குக் கட்டையையும் இணைப்பது போல்ட் அல்ல, கயிறு. கடல் முறுக்கும்போது விட்டுக்கொடுத்து மீண்டும் இறுகும் கட்டு. பாலினீசியர்களிடமிருந்து அவர் கற்றது அது. சோழமண்டலக் கரையில் மரம் கட்டியவர்களுக்கு அது புதிதாக இருந்திருக்காது.

பூட்டிக் கழற்றும் படகுக்கு ஒரு நாள் வேலை ஆகும். ஆறு வாரப் பயணத்துக்கு அந்த ஒரு நாள் பெரிதல்ல. சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு மாலை திரும்புபவருக்கு அது முழுப் பயணத்தையும் தின்றுவிடும். இங்கேதான் தேர்வு சிக்கலாகிறது. வாங்குபவர் தாம் இப்போது வாழும் வாழ்க்கைக்காக வாங்குவதில்லை. அலாஸ்காவரை போகப்போகிற, பேரக்குழந்தைகள் எல்லோரும் வந்து தங்கப்போகிற, மீன்பிடித்துச் சமைக்கப்போகிற இன்னொருவருக்காக வாங்குகிறார். அந்த இன்னொருவர் இன்னும் பிறக்கவில்லை. கட்டில்கள் அவருக்காகக் கூடுகின்றன, எரிபொருள் தொட்டி அவருக்காகப் பெரிதாகிறது. நிஜத்தில் படகில் ஏறுவது, காலையில் முதுகு வலிக்கும், மழையில் வாசிக்க விரும்பும் இரண்டு பேர். அவர்களுக்கு வேண்டியது நிமிர்ந்து நிற்கும் உயரம், உலர்ந்த படுக்கை, அலை அறையாத இரவு.

அதனால் திக்குவிரதம் போன்ற ஒன்றை முதலில் செய்வதுதான் சரி என்று படுகிறது. விளம்பரப் படங்களைப் பார்ப்பதற்கு முன் வரைபடத்தை விரித்து, எந்த நீர், எதுவரை, எந்த மாதத்தில் என்று எல்லை வகுப்பது. தீவுகளுக்கிடையே ஒதுங்கி ஒதுங்கிப் போகும் நீர் என்றால் மெதுவான ஒல்லிப் படகே தாராளம். திறந்த நீரிணைகளை அடிக்கடி கடக்க வேண்டும் என்றால் வேகப் படகு, ஆனால் அதன் எடைக்கு ஏற்ற டிரக்கும் வேண்டும். அதன்பின் கிலோ கணக்கில் சுமைக்கு ஓர் எண். அந்த இரண்டு எல்லையும் போட்டபின் பார்த்தால், நூறு படகு நான்காகக் குறைந்துவிடும். நான்கில் எதை எடுத்தாலும் தவறில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது கனமானது. எட்டாயிரம் பவுண்டு படகை இழுக்கும் டிரக், பெட்ரோல் எரிக்கும் இரண்டு எஞ்சின், ஓய்வுக்கால உல்லாசம். இதில் பற்றின்மை பேசுவது முனிவர்களை அவமதிப்பதல்லவா? சுமை குறைந்த படகும் சுமைதான். நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ கட்டுமரத்தில் போனவர் எளிமையைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்கு வாய்த்தது அதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகும் எஞ்சினும் கைக்கு எட்டியபோது அவர் மரத்தை விட்டார். அதில் குறை காண யாருக்கும் உரிமை இல்லை. திணிக்கப்பட்ட எல்லையும் தானே வகுத்த எல்லையும் வெளியிலிருந்து ஒன்றுபோலத் தெரியலாம், உள்ளே அவை எதிரெதிரானவை. வசதியுள்ளவரின் எளிமையை ஏழையின் இல்லாமையோடு சேர்த்துப் பேசுவது பொய்.

அந்த மறுப்பை ஏற்றுக்கொண்டே ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சமணம் இல்லறத்தாருக்குத் தனி விரதம் வகுத்ததே, எல்லோரும் முனிவராக முடியாது என்பதால்தான். அந்த விரதத்தின் அளவுகோல் எளிமையின் அழகு அல்ல, தீங்கின் அளவு. சான் ஹுவான் தீவுகளைச் சுற்றியுள்ள நீரில் தென்பகுதி ஓர்க்காத் திமிங்கிலக் கூட்டம் வாழ்கிறது. 2005இல் அமெரிக்க அரசு அதை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. அவை சினூக் சால்மன் மீனைத் தேடுவது கண்ணால் அல்ல, எதிரொலியால். எஞ்சினும் சுழலியும் எழுப்பும் இரைச்சல் அந்த எதிரொலியை மூடிவிடுகிறது. உணவு பக்கத்தில் இருந்தும் கிடைப்பதில்லை. 2025 முதல் வாஷிங்டன் மாநிலச் சட்டம், அந்தக் கூட்டத்திலிருந்து ஆயிரம் கெஜ தூரத்துக்குள் எந்தப் படகும் போகக்கூடாது என்கிறது. ஆயிரம் கெஜம் என்பது முக்கால் கிலோமீட்டருக்கும் மேல். சுற்றுலாப் பயணிக்கு அது இழப்பாகத் தெரியலாம். நடுக்கடலில், காற்றில்லாத காலையில், கறுப்புத் துடுப்புகள் தெரிந்ததும் எஞ்சினைத் தணித்து விலகிக்கொள்பவர், அவருக்கே தெரியாமல் பழைய திக்குவிரதத்தைக் கடைப்பிடிக்கிறார். மெதுவான, இலேசான, சிறு எஞ்சின் படகு அந்த விலகலை எளிதாக்குகிறது. படகின் குணத்தைப் பற்றிய எந்த விவாதத்திலும் இதற்கு இடம் இருக்க வேண்டும். விற்பனைத் தாள்களில் இதற்கென்று ஒரு வரி கிடையாது.

ட்ரெய்லர் படகுக்கு அமெரிக்காவிலேயே ஒரு தத்துவ முன்னோர் இருக்கிறார். 1839 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை. மாசசூசெட்ஸின் கான்கார்ட் ஊரிலிருந்து ஹென்றி தோரோவும் அவர் அண்ணன் ஜானும் தாங்களே ஒரு வார உழைப்பில் கட்டிய பதினைந்தடிப் படகில் கிளம்பினார்கள். கீழே பச்சை, மேலே நீலக் கரை. அருவி குறுக்கிட்டால் கரையோடு உருட்டிப் போவதற்கு அந்தப் படகுக்குச் சக்கரங்கள் இருந்தன. இரண்டு பாய்மரக் கழிகள். ஒன்று இரவில் கூடாரக் கம்பமாகும். தோட்டத்தில் தாங்களே விளைவித்த உருளைக்கிழங்கும் முலாம்பழமும் ஏற்றிக்கொண்டார்கள். கான்கார்ட் ஆற்றில் இறங்கி மெரிமாக்கில் ஏறி, படகை ஓரிடத்தில் விட்டுவிட்டு மலைக்குப் போய், திரும்பிவந்து அதே படகில் ஊர் சேர்ந்தார்கள். பின்னாளில் வால்டன் குளக்கரைக் குடிசைக்கு ஆன செலவை 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று அரைச் சென்ட்டுவரை கணக்கெழுதிய மனிதர், ஒரு பொருளின் விலையை அதற்காகக் கொடுக்க நேரும் வாழ்நாளால் அளந்தார். அந்தப் படகின் விலை அந்தக் கணக்கில் ஒரு வாரம்.

1842 ஜனவரியில் ஜான் சிறு காயம் ஒன்றிலிருந்து வந்த இசிவு நோயில் இறந்தார். அந்தப் பயணத்தை ஹென்றி நூலாக எழுதி வெளியிட்டது 1849இல். ஆயிரம் பிரதி அச்சிட்டதில் 706 விற்காமல் அவர் வீட்டுக்கே திரும்பி வந்தன. ஆனால் படகை அவர் வைத்திருக்கவில்லை. அண்ணன் இறந்த அதே ஆண்டு இலையுதிர்காலத் தொடக்கத்தில், கான்கார்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த எழுத்தாளர் நத்தானியேல் ஹாத்தோர்னுக்கு ஏழு டாலருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் அதற்கு அல்லி என்று பொருள்படும் புதுப் பெயர் வைத்தார். படகை ஒப்படைக்க வந்த தோரோ, துடுப்பு போடக் கற்றுக்கொடுத்தார். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மனத்தில் நினைத்தால் போதும், படகு அந்தப் பக்கம் திரும்பிவிடும் என்றார். ஹாத்தோர்ன் முயன்றார். படகு எல்லாத் திசையிலும் திரும்பிப் பார்த்தது, அவர் நினைத்த திசையைத் தவிர. அதன் பழைய சொந்தக்காரர் கையில் துடுப்பைக் கொடுத்ததும் அது பழகிய குதிரைபோல அமைதியாக நேரே சென்றது.